சிடிக்குள் தொலைந்த கோடு

— சித்ராக்கா, கம்ப்யூட்டர் கண்ணாடியைத் தொடைச்சுட்டு மறுபடியும் பாருங்க. சிடியில இந்தச் சட்டைக் கையோட ஓரத்துல நாட்ச் கோடு இருக்குதுங்களா, இல்லீங்களா?

— இல்ல மேடம்.

— இப்ப சிடியை மூடிட்டேனுங்க. இது நாம பேட்டர்ன் வரையற சாஃப்ட்வேர். அதே சட்டை, அதே கை. இங்க இருக்குதுங்களா?

— இங்கன இருக்கு. மயிரிழை கணக்கா நிக்கிது. முன்பக்கம் ஒண்ணு, பின்பக்கம் ரெண்டு. டெய்லருக்கு அடையாளம் தெரியணும்னு நான்தான வெச்சேன்.

— அவிநாசிபாளையத்து ஜெபக்குமாருக்குப் பாடம் சொல்ல, அந்த ஸ்கிரீனைத்தானே நீங்க ரெக்கார்டு பண்ணுனீங்க?

— இதையேதான். யாத்தே, ஸ்கிரீன்ல ஏறி நிக்கிறது சிடிக்குள்ள போறதுக்குள்ள எங்கன மேடம் எறங்கிப் போச்சு?

— அதுதானுங்க்கா எனக்கும் புரியல. கை இருக்குது, கழுத்து இருக்குது, மெனு கூட இருக்குது. நாட்ச் மட்டும் இல்லை.

— அப்ப ஜெபக்குமாரு மேல தப்பே இல்ல. கையைத் திருப்புறதுதான் இந்தப் பாடமே. நாட்ச் இல்லாமப் பாத்தா, திருப்புன கையும் திருப்பாத கையும் ஒண்ணு போலத்தான இருக்கு. அக்கா சும்மா கையைத் தொட்டுட்டுப் போகுதுன்னு நெனைச்சிருப்பான்.

— நெனைச்சு, எல்லாக் கையையும் ஒரே பக்கமா மார்க்கர்ங்கற வெட்டுற படத்துல அடுக்கி, அவிநாசிபாளையத்துல வெட்டியும் போட்டுட்டாரு. அத்தனை சட்டைக்கும் ரெண்டு கையும் இடது கை.

— பெரட்டிப் போட்டுத் தைக்கவும் வழியில்ல. ஃப்ளீஸ் துணி. உள்பக்கத்துப் பஞ்சு வெளிய வந்துரும்.

— அப்பாவும் அதையேதான் சொன்னாருங்க. "உலகத்துல எல்லா மனுசனுக்கும் ரெண்டு கையும் இடதாப் போச்சுன்னா நம்ம கம்பெனிதாம்மணி நம்பர் ஒன்னு"ன்னாரு.

— அய்யா சிரிச்சிக்கிட்டா சொன்னாக?

— இல்லீங்க. சிரிச்சிருந்தா பயமே இல்லீங்களே.

— வேற என்ன சொன்னாக? ஒளிக்காமச் சொல்லுங்க மேடம்.

— இன்னிக்கு மத்தியானம் அங்க அடுத்த லாட் துணி விரிக்கிறாங்க. அதுவும் தப்பாச்சுன்னா, ரெண்டு ஊர்ல இருக்குற கம்ப்யூட்டரையும் டீலருக்கே திருப்பி அனுப்பிட்டு, அட்டையும் சாக்பீஸும் வெச்சுப் பழையபடியே வெட்டிக்கலாம்னாரு.

— அப்ப நானு?

— நீங்க... மறுபடியும் செக்கிங் டேபிளுக்குத்தானுங்க்கா போகணும்.

— நாள் முச்சூடும் நின்னுக்கிட்டே துணியில ஓட்டை தேடுற சோலி. இந்த வயித்தோட. நல்லாத்தான் இருக்கும்.

— ஒரு எட்டு நேர்ல போயிச் சொல்லிட்டு வர முடியாதுங்களா? வேன்லயே போகலாம்.

— குலுங்குற வண்டியே ஆகாதுன்னு டாக்டரம்மா கையெடுத்துக் கும்பிடாத குறையாச் சொல்லிட்டாக. அதோட, நீங்கதான மேடம் சொன்னீக? நான் பிரசவத்துக்குச் சாத்தூரு போயிட்டு வாரவரைக்கும் இந்தச் சிடி எனக்குப் பதிலா வேலை பாக்கும்னு?

— சொன்னேனுங்க. அப்பாகூடச் சண்டை போட்டு இந்த ரூமை வாங்குனதே அதைச் சொல்லித்தான்.

— சரி, படத்துலதான் தெரியல. வாயால சொன்னேனே! "கையைத் திருப்பு, நாட்ச் பக்கம் மாறுதா பாரு"ன்னு அடிச்சிச் சொல்லிருக்கேன். அவனுக்குக் காது இல்லையா?

— இந்தாங்க, ஹெட்போனை மாட்டிட்டு நீங்களே கேளுங்க.

— ... மேடம், பின்னல் மெஷின் ஓடுது.

— இன்னும் கேளுங்க.

— ஆமா, அதுக்குள்ள எவளோ கெணத்துக்குள்ள விழுந்து கூப்புடுறா.

— அது நீங்கதானுங்க்கா.

— போங்க மேடம்!

— சத்தியமா நீங்கதான். அதனால நமக்கு ரெண்டு வேலை இருக்குது. படத்துல நாட்ச் தெரியோணும். காதுல உங்க பேச்சு கேக்கோணும். நஞ்சப்பண்ணன் கீழ வேன்ல நூல் ஏத்திட்டு இருக்குறாரு. அவரு கெளம்புறதுக்குள்ள சிடியைக் கையில குடுத்தாத்தான் மத்தியானத்துக்கு அங்க போயிச் சேரும்.

— அப்ப வெரசாப் பாருங்க. நாட்ச்சை எவன் தின்னான்?

— காலையில வந்ததும் கோடெக் மேலதானுங்க சந்தேகப்பட்டேன்.

— அது யாரு?

— ஆளில்லீங்க்கா, படத்தை அமுக்கி எழுதுற முறை. ஸ்கிரீன்ல தெரியறதை அப்படியே எழுதுனா ஒரு சிடி பத்தாது. அதனால அமுக்கித்தான் எழுதோணும். நான் போட்டிருந்தது கேமராப் படத்துக்கான கோடெக். மூஞ்சி, மரம், வானமெல்லாம் அதுல நல்லா வரும். மெல்லிசான கோடும் எழுத்தும் கொழகொழன்னு ஆயிரும்.

— கூழாக் காச்சிருது.

— அதேதான். ஆனா ஸ்கிரீனுக்குன்னே தனியா ஒரு கோடெக் இருக்குதுங்க. ஸ்கிரீன்ல முக்காவாசி இடம் அசையாமத்தானே நிக்குது? அதை மறுபடி மறுபடி எழுதாது. அசைஞ்ச இடத்தை மட்டும் எழுதும். எழுதறதைப் புள்ளி பிசகாம எழுதும். சிடியும் சின்னதாகும், படமும் சுத்தமா இருக்கும். எவ்வளவு அழகான யோசனை பாருங்க!

— அழகு இருக்கட்டும். அதைப் போட்டீகளா?

— அதைப் போட்டுப் புதுசா ஒரு சிடி எழுதுனேனுங்க. இப்ப நீங்க பார்த்தது அதுதான். மத்த கோடெல்லாம் பளிச்சுனு ஆச்சு. நாட்ச் மட்டும் வரல.

— அப்ப தின்னவன் வேற ஆளு.

— எனக்கும் மண்டை காயுதுங்க.

— இருங்க, இருங்க. சிடிப் படத்தை அந்த இடத்துல நிறுத்துங்க. என் டேப்பு எங்க?

— ஏனுங்க்கா, கம்ப்யூட்டர் கண்ணாடி மேல டேப் வெச்சு அளக்கறீங்களா?

— செக்கிங் டேபிள்ல ஒட்டிக்கிட்ட பழக்கம் மேடம். எதையும் அளந்துட்டுத்தான் நம்புவேன். கை இவ்வளவு அகலம். விரல வெச்சுக்கிட்டேன். இப்ப சாஃப்ட்வேரைத் தொறங்க. ஆத்தீ, ரெண்டு மடங்கு இருக்கே!

— நெசமாவா? தள்ளுங்க, நான் பாக்கறேன்.

— சுடுதண்ணியில முக்குன பனியன் கணக்கா உங்க சிடி பாதியாச் சுருங்கிருக்கு.

— அட கடவுளே! சுருக்குனது நான்தானுங்க்கா!

— நீங்களா?

— ஸ்கிரீன்ல குறுக்க ஆயிரத்து இருநூத்து எண்பது புள்ளி. சிடி சின்னதா இருக்கட்டும்னு ரெக்கார்டுல அறுநூத்து நாப்பதுன்னு போட்டுட்டேன். சரி பாதி.

— பாதியானா நாட்ச்சும் பாதியாத்தான ஆகணும்? எதுக்கு அடியோட போகுது?

— நம்ம துணியிலயே சொல்றேனுங்க. வெள்ளைத் துணி. நடுவுல ஒரே ஒரு வரிசை கறுப்பு நூல் ஓடுது. நீளத்தைப் பாதியாக்கோணும்னு ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையை உருவிட்டீங்க. கறுப்பு இருக்குமா?

— உருவுனதுல அது மாட்டியிருந்தா, கறுப்பு ஓடுன தடமே இருக்காது.

— நாட்ச் ஒத்தைப் புள்ளி கனம். மாட்டிக்கிச்சு. கழுத்துக்கோடு ரெண்டு புள்ளி கனம். அதுல ஒண்ணை உருவுனாலும் ஒண்ணு நிக்குது.

— அதான் கழுத்து இருக்கு, நாட்ச் இல்ல! இதைச் சொல்லுறதுக்கா இவ்வளவு நேரம்? அப்ப சுருக்காம முழுசா எடுத்துருங்க.

— எடுக்கலாமுங்க. ஆனா நம்ம மெஷின் திணறும். மவுஸ் தவளையாட்டம் தாவும். அதோட அவிநாசிபாளையத்து மானிட்டர் சின்னது. நாம பெருசா அனுப்புனா அது சுருக்கித்தான் காட்டும். இங்க தப்பிச்ச நாட்ச் அங்க போயி மாட்டிக்கும்.

— பின்ன என்ன பண்ண?

— தலைகீழாப் போவோம். படத்தைச் சுருக்க வேண்டாம், ஸ்கிரீனையே சின்னதாக்கிருவோம். இங்க டிஸ்ப்ளே செட்டிங்ல எண்ணூறுக்கு அறுநூறு. ரெக்கார்டுலயும் எண்ணூறுக்கு அறுநூறு. அங்க பாக்கறதும் அதே. இங்க ஒரு புள்ளின்னா அங்கயும் ஒரு புள்ளி. நடுவுல யாரும் எதையும் உருவ முடியாது.

— எல்லாம் தடித்தடியா ஆயிருச்சே!

— அதே கண்ணாடிக்குள்ள கொஞ்சப் புள்ளின்னா ஒவ்வொரு புள்ளியும் பெருசாகுமுங்களே. நல்லதுதான். சித்த நேரம் ஓட்டிப் பாப்போம். கையைப் புடிங்க, திருப்புங்க. போதும். இப்ப ரெக்கார்டைப் போடறேன்.

— கண்ணைத் தொறக்கட்டுமா?

— எதுக்குங்க மூடுனீங்க? பாருங்க!

— இருக்கு! முன்ன ஒண்ணு, பின்ன ரெண்டு! ஐயோ, திருப்பும்போது பாருங்களேன்...

— அக்கட்ட இருந்தது இக்கட்ட வந்துருச்சுங்க! ஒரு மனுசன் திரும்பிப் படுத்தாப்பல!

— இதைப் பாத்துட்டு எவனாச்சும் ரெண்டு இடது கை வெட்டுவான்? வெட்டட்டும், பாக்கேன்!

— இப்ப கெணத்துக்குள்ள இருக்குற அக்காவை மேல தூக்கலாமுங்களா?

— பின்னல் மெஷினைச் சித்த நேரம் நிறுத்தச் சொன்னா என்ன மேடம்?

— மெஷினை நிறுத்துனா அப்பா நம்மளை நிறுத்திருவாரு. வேற வழி பாப்போம். போன தடவை மைக்கை எங்க வெச்சீங்க?

— மேசை மேல. டம்ளர் பக்கத்துல.

— மைக்குக்கு எது பேச்சு, எது மெஷின்னு தெரியாதுங்க. எது பக்கத்துல இருக்குதோ அதைத்தான் எச்சா எடுக்கும். நீங்க தள்ளி உக்காந்து பேசுனீங்க. குரல் பத்தலைன்னு நான் கம்ப்யூட்டர்ல பூஸ்ட்டுன்னு ஒரு டிக் போட்டேன். அது உங்களையும் தூக்குச்சு, மெஷினையும் தூக்குச்சு.

— ரெண்டு பேரையும் ஒண்ணா ஏணியில ஏத்திருக்கீக.

— ஆமாங்க. இப்ப பூஸ்ட்டை எடுத்துட்டேன். மைக்கைக் கன்னத்தோரமா வெச்சுக்கங்க. வாய்க்கு நேரா வேண்டாம், மூச்சு புஸ்ஸுபுஸ்ஸுன்னு அடிக்கும். சிபியூ ஃபேன் இரையுது, அதையும் கீழ எறக்கி வெக்கறேன்.

— கெணறு?

— அது இந்தத் தகரக் கூரையும் வெத்துச் செவுருங்க. நீங்க பேசறது அதுல மோதித் திரும்பி வருது. மெத்துனு ஏதாச்சும் சுத்தி வெச்சா சத்தத்தை முழுங்கிரும்.

— இந்த அருள்புரத்துல ஒக்காந்துக்கிட்டு மெத்துனு துணிக்கு எங்க போவேன்! வெளிய ரோலு ரோலா அடுக்கிருக்கு.

— நீங்க தொடாதீங்க. நான் உருட்டிட்டு வாரேன். இந்தா ஒண்ணு... இது இக்கட்ட. இது உங்க முதுகுக்கு.

— பேங்குக்காரன் லாக்கருக்குள்ள வெச்ச மாதிரி இருக்கு. மேடம், என் குரலே எனக்கு வேற மாதிரி கேக்குது!

— பேசிப் பாருங்க, நான் ஹெட்போன்ல கேக்கறேன்.

— வணக்கம். இப்பொழுது நாம் மேலாடையின் கைப்பகுதியை எவ்வாறு...

— நிறுத்துங்க, நிறுத்துங்க! ஏனுங்க்கா டிவியில செய்தி வாசிக்கறாப்பல பேசறீங்க?

— மைக்கைப் பாத்தா நாக்கு தானா மடங்குது மேடம்.

— ஜெபக்குமார்கிட்ட நேர்ல எப்படிப் பேசுவீங்க?

— "எய்யா ஜெபக்குமாரா, இங்கன பாரு"ம்பேன்.

— அப்படியே பேசுங்க. குரல் சுத்தமாத்தான் வருது. ஆனா நடுவுல என்னமோ கடுகு தாளிக்குதுங்களே. டிக்கு டிக்குன்னு.

— நான் ஒண்ணும் பண்ணல.

— நீங்க பின்னால சாயறப்பெல்லாம் பொரியுது. மறுபடி சாயுங்க. பாத்தீங்களா!

— சேலை இந்த ரோலோட ஒட்டிக்கிட்டு வருது மேடம். ஆ... மவுஸைத் தொட்டா சுரீர்ங்குது!

— எந்த ரோலை உருட்டிட்டு வந்தேன் நானு?

— பாலியெஸ்டரு! மார்கழிப் பனியில இந்தத் துணியைப் பிரிச்சாலே கையில முடியெல்லாம் நட்டுக்கும். கட்டிங் ஆளுக திட்டிக்கிட்டேதான் பிரிப்பாக. அதை எனக்கு மெத்தையாப் போட்டிருக்கீக.

— தேய்க்கத் தேய்க்க கரண்டு ஏறுதுங்க. அது உங்க மேல இருந்து மைக்கு வயருல எறங்குறப்பத்தான் பொரியுது. மன்னிச்சுருங்க்கா. இதெல்லாம் வெளிய போகட்டும். காட்டன் ரோல் வெக்கறேன்.

— பச்சை ரோலு காட்டன். தொட்டுப் பாத்து எடுங்க. பனியன் ஊர்ல பொறந்துட்டு!

— குத்திக் காட்டாதீங்க. இப்ப சாயுங்க. இப்ப ஆடுங்க. பொரியல. கெணறும் இல்லை. மெஷின் எங்கியோ பக்கத்து ஊர்ல ஓடறாப்பல இருக்குது. ஆரம்பிக்கலாமுங்களா?

— ஒரு வாய் தண்ணி குடுங்க. சரி.

— ஓடுதுங்க.

— எய்யா ஜெபக்குமாரா, இங்கன பாரு. இது கை. இது முன்பக்கம், ஒரு நாட்ச் இருக்கா? மவுஸு நிக்கிற இடத்துல பாரு. இது பின்பக்கம், ரெண்டு. நல்லாப் பாத்துக்க. இப்ப இதே கையை இன்னொண்ணு எடுக்கேன். இது இன்னும் இடது கைதான். அப்பிடியே வெச்சிராத. இங்கன மேல ஒரு பட்டன் இருக்கு, இதை அமுக்கு. அமுக்கிட்டேன். ஒத்தை நாட்ச் எந்தப் பக்கம் இருந்துச்சு, இப்ப எந்தப் பக்கம் போச்சு? மாறிருச்சா? மாறுனாத்தான் அது வலது கை. மாறலைன்னா கத்தியைத் தொடாத. மறுக்கா ஒரு தடவை பண்ணிக் காட்டுறேன், பைய பாரு...

— போதுமுங்க! நிறுத்திட்டேன்!

— நல்லா இல்லையா?

— இதுல எனக்கே மார்க்கர் போட வந்துருமுங்க. கேளுங்க... பாருங்க...

— இது நானா மேடம்?

— நீங்கதான். சிடியில அந்தக் கோடெக்கையும் சேர்த்துப் போட்டுட்டேன். ஜெபக்குமார் முதல்ல அதை ஏத்துனாத்தான் இந்தப் படம் அங்க தொறக்கும். கவர் மேல எழுதிட்டேனுங்க. நஞ்சப்பண்ணா! ஏனுங்ணா, ஒரு நிமிசம் இருங்க, வாரேன்!

*

— மேடம், போனு அடிக்குது.

— அப்பாதான். எடுக்கட்டுமுங்களா?

— எடுக்காம இருந்தா மட்டும் விட்டுருவாகளா? எடுங்க.

— சொல்லுங்கப்பா.

— ஏனம்மணி, போனைச் சத்தமா வெய்யி. சித்ராவும் கேக்கட்டும்.

— வெச்சுட்டேனுங்ப்பா. துணி வெட்டியாச்சுங்களா?

— அவிநாசிபாளையத்துல இருந்துதான் பேசறேன், சொல்றேன் இரு. சிடியைப் போட்டுப் பாத்துட்டு ஜெபக்குமார் மார்க்கர் போட்டான். வெட்டலாமான்னு கேட்டான். வெட்டாதேன்னேன்.

— ஏனுங்ப்பா?

— போன தடவை நம்பித்தானே கெட்டேன்? அந்த மார்க்கரைக் காகிதத்துல அடிக்கச் சொல்லி, கை ரெண்டைக் கத்தரிச்சு, என்ற கை மேலயே வெச்சுப் பாத்தேன். இடதுல ஒண்ணு, வலதுல ஒண்ணு. இன்னொரு சோடி கத்தரிச்சேன். அதுவும் சரி. இங்க எல்லாரும் என்னையப் பாத்துச் சிரிக்கறாங்க. ரெண்டு பக்கமும் காகிதத்தைத் தொங்கவிட்டுட்டுக் கொக்காட்டம் நிக்கறேன்.

— அப்புறம்?

— அப்புறமென்ன, வெட்டுடான்னேன். வெட்டிக் கட்டியாச்சு. அத்தனையும் சோடி.

— அக்கா! அழுவாதீங்க்கா!

— அழுவல மேடம், கண்ணு வேர்க்குது.

— சித்ரா.

— அய்யா.

— கம்ப்யூட்டர் எங்கயும் போகாது. நீ ஊருக்குப் போயி நல்லபடியாப் பெத்துட்டு வா கண்ணு. உன்ற நாற்காலியில வேற ஆரும் உக்கார மாட்டாங்க. அந்தச் சிடியில இன்னொண்ணு போட்டு வெய்யி. பல்லடத்துல என்ற பங்காளி கேக்கறான்.

— போடுறேன் அய்யா, வேணுங்கிற மட்டும் போடுறேன். அய்யா, ஜெபக்குமாரு பக்கத்துல இருக்கானா? ஒரு வார்த்தை கேக்கணும்.

— இந்தா, பேசு.

— யக்கா, நல்லாருக்கியளா?

— எனக்கென்னய்யா, மலையேறுன மாதிரி இருக்கேன். உண்மையைச் சொல்லு. என் குரலு எப்பிடி இருந்துச்சு? கெணறு இல்லாம, கடுகு பொரியாம, பக்கத்துல ஒக்காந்து சொன்ன மாதிரி இருந்துச்சா?

— அது வந்து... யக்கா...

— சொல்லுய்யா, கூச்சப்படாத. இந்த மேடம் உருட்டாத ரோலு இல்ல.

— அய்யா பக்கத்துல நிக்காவ.

— நான் நின்னா என்னப்பா? அந்தப் புள்ளை கேக்குதில்ல, சொல்லு.

— குரலு கேக்கலக்கா.

— கேக்கலையா! மேடம், என்னது இது? பூஸ்ட்டு போடாம விட்டதுலயா?

— ஜெபக்குமார், வால்யூம் கொறைஞ்சிருக்குதுங்களா? இல்ல மெஷின் சத்தமா கேக்குது?

— ஒரு சத்தமும் இல்ல மேடம். போன சிடியையும் ஊமைப்படமாத்தான் பாத்தேன்.

— அப்ப என்னத்தைப் பாத்துய்யா சரியா வெட்டுன?

— பாட்டுக் கேட்டுக்கிட்டு வேலையக் கெடுத்துருவோம்னு அய்யா இங்க ஸ்பீக்கரக் கழட்டி பீரோவுல வெச்சிப் பூட்டிட்டாவக்கா, அதனால நீங்க பேசுனது ஒண்ணும் தெரியாது. ஆனா உங்க ஸ்கிரீன்ல இருந்த நாட்ச் ஒரு புள்ளி கூடக் குறையாம, சுருங்காம, அதே அளவுல என் ஸ்கிரீன்லயும் நின்னுச்சு, அது பக்கம் மாறுறதப் பாத்துத்தான் கையத் திருப்புனேன்.